நாள்பட்ட இருமலுக்கு அக்குபங்சரும் சீன மருந்தும்: ஊசி பரவாயில்லை, புகை வேண்டவே வேண்டாம், கஷாயத்துக்குச் சீட்டு கேளுங்கள்

எட்டு வாரம் தாண்டியும் விடாத இருமலோடு போனால் அக்குபங்சர் மையங்கள் தருவது பெரும்பாலும் ஒரே பேக்கேஜ்தான். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை ஊசி, கூடவே மோக்ஸா என்னும் மூலிகையைக் கொளுத்திக் காட்டும் சூடு, முதுகில் கப்பிங் எனப்படும் கிண்ணம் வைத்து உறிஞ்சுவது, வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு கஷாயப் பொட்டலம் அல்லது குறுணை டப்பா. இதை ஒட்டுமொத்தமாகப் புகழவும் முடியாது, ஒட்டுமொத்தமாகத் தள்ளவும் முடியாது. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றின் தரமும் வேறு வேறு. ஊசிக்கு ஐந்துக்கு மூன்று தரலாம். மோக்ஸாவுக்கு, அதுவும் இருமிக்கொண்டிருப்பவருக்கு என்றால், பூஜ்யம். கஷாயத்தின் மதிப்பெண் அதை எழுதிக் கொடுப்பவரைப் பொறுத்தது. ஒரே வகை மருந்தில் ஐந்துக்கு நான்கு மதிப்பெண்ணும் கிடைக்கும், ஆபத்தும் கிடைக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது துணைச் சிகிச்சை. இருமலின் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலை இதற்கு வெளியே, மருத்துவரிடம் முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனால் அதை முதல் நாளே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பத் தெரிந்த மையம்தான் நல்ல மையம்.

முதல் நாள் கேள்விகள்

ஊசியை எடுப்பதற்கு முன் என்ன கேட்கிறார்கள் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். பெரியவர்களுக்கு எட்டு வாரம், குழந்தைகளுக்கு நான்கு வாரம் தாண்டினால்தான் நாள்பட்ட இருமல் என்று கணக்கு. சளிக்காய்ச்சல் வந்துபோன பின் மூன்று முதல் எட்டு வாரம் இழுக்கும் இருமல் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். அந்த இடைவெளியில் யார் எதைச் செய்தாலும் பலித்த மாதிரிதான் இருக்கும். ஆகவே "எத்தனை நாளாக?" என்று கேட்காமல் படுக்கையைக் காட்டுகிற இடத்தில் நல்ல பெயர் கிடைப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

அடுத்தது மாத்திரைப் பட்டியல். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் ரத்த அழுத்த மாத்திரைகள் வறட்டு இருமலைக் கொண்டுவரும் என்பது ஊரறிந்த விஷயம். மருத்துவர் அதை மாற்றிக் கொடுத்தால் ஒன்று முதல் நான்கு வாரத்தில் இருமல் போய்விடும். சிலருக்கு மூன்று மாதம்வரை ஆகும். இதைக் கேட்காமல் பத்து சிட்டிங் ஊசி போடுவது வீண் செலவு. நோயாளியே மாத்திரையை நிறுத்திக்கொள்வதும் கூடாது, சிகிச்சையாளர் நிறுத்தச் சொல்வதும் கூடாது. மாற்றி எழுதித் தரும் வேலை மருத்துவருடையது.

இருமலோடு ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்த்து நனைதல், குரல் கம்மியே கிடத்தல், நாளுக்கு நாள் கூடும் மூச்சுத்திணறல், நீண்ட காலம் புகைத்தவரின் இருமல் திடீரென்று தன்மை மாறுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்று ஊசி இல்லை. எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும்தான். காசநோயையும் புற்றுநோயையும் ஒதுக்கிவிட்டோம் என்று காகிதம் கையில் இருக்க வேண்டும். மீதியில் பெரும்பங்கு மூன்று காரணங்களுக்குள் அடங்கும்: மூக்கின் பின்பக்கம் சளி வடிவது, ஆஸ்துமாவும் அதன் உறவுக்கார மூச்சுக்குழாய் அழற்சியும், இரைப்பை அமிலம் எதுக்களிப்பது. இவற்றுக்கு முறையாக மருந்து எடுத்தும் அடங்காத இருமல், எந்தக் காரணமும் அகப்படாத இருமல் ஆகிய இரண்டுக்கும்தான் இந்தச் சேவையில் நியாயமான இடம் உண்டு. தொண்டையில் ஏதோ ஊர்கிற மாதிரி ஒரு அரிப்பு, குளிர்காற்று பட்டாலும், பேசினாலும், சிரித்தாலும், சென்ட் வாசனை வந்தாலும் கிளம்பும் வறட்டு இருமல், எக்ஸ்ரேயில் எதுவும் இல்லை. இப்படி நரம்புகள் கூருணர்வு கொண்டுவிட்ட வகையினர்தான் இங்கே வந்து ஓரளவு பலன் சொல்பவர்களில் அதிகம்.

நாடியும் நாக்கும் பார்ப்பார்கள். சீன முறையில் இருமலைக் குளிர்க்காற்று, வறட்சி, கபம் கலந்த ஈரம், கபம் கலந்த சூடு, கல்லீரல் சூடு நுரையீரலைத் தாக்குவது, நுரையீரலின் யின் (குளிர்ச்சியும் ஈரமும்) குறைவு என்று வகை பிரித்து, அந்த வகைக்குத் தகுந்த மாதிரி புள்ளிகளையும் மூலிகைகளையும் தேர்வார்கள். வகைப்பாட்டை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அதைச் செய்யும் லட்சணம் முக்கியம். ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவரின் நாக்கில் பூஞ்சை வெள்ளையாகப் படியும். கவனிக்காதவர் அதைக் 'கபம் கலந்த ஈரம்' என்று எழுதிவிடுவார். இருமல் மிட்டாய் சப்பிக்கொண்டே வந்தவரின் நாக்கு மஞ்சளாகவோ சிவப்பாகவோ தெரியும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவரின் நாடி எப்போதும் நிதானமாகத்தான் ஓடும். இன்ஹேலர் உண்டா, காலையில் காபி குடித்தீர்களா, நாக்கை வழித்துவிட்டு வந்தீர்களா என்று கேட்பவர் தொழில் தெரிந்தவர்.

ஊசி

இருமலுக்குப் புழங்கும் புள்ளிகள் எங்கே போனாலும் ஏறக்குறைய இவைதான்; பெரும்பாலும் உறுப்பின் பெயரோடு ஒரு எண் சேர்த்துச் சொல்வார்கள். மணிக்கட்டு ரேகைக்கு மேலே ஒன்றரை சுன் தள்ளி, கட்டைவிரல் பக்கம் இருக்கும் நுரையீரல் 7. முழங்கை மடிப்பில் தசைநாருக்கு வெளிப்பக்கம் நுரையீரல் 5. கபம் அதிகமென்றால் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே வெளிப்புறத்தில் வயிறு 40. தொண்டை வறட்சிக்கு உள் கணுக்காலுக்குக் கீழே சிறுநீரகம் 6. முதுகில், மூன்றாவது மார்பு முள்ளெலும்புக்குக் கீழ் நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை சுன் விலகி சிறுநீர்ப்பை 13. கழுத்தடியில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புக்குப் பக்கத்தில் அரை சுன் தள்ளி திங்ச்சுவான். சுன் என்பது நோயாளியின் சொந்தக் கட்டைவிரல் கணுவின் அகலம். அதனால் ஸ்கேல் வைத்து அளந்தால் ஆளுக்கு ஆள் மாறும்.

பொதுவாக 0.20 முதல் 0.25 மி.மீ. தடிமனும் 25 முதல் 40 மி.மீ. நீளமும் உள்ள ஊசி. ஆறு முதல் பன்னிரண்டு எண்ணிக்கை. இருபது முதல் முப்பது நிமிடம் விட்டுவைப்பார்கள். சரியாக இறங்கியதும் அந்த இடத்தில் கனம், மந்தம், லேசான இழுப்பு தெரியும். சுள்ளென்ற எரிச்சலோ மின்சாரம் பாய்ந்த மாதிரியோ தோன்றினால் சொல்லிவிட வேண்டும். ஊசி நரம்பையோ ரத்தக்குழாயையோ உரசுகிறது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும், சீல் பிரிக்காத ஊசியை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும். கழற்றியதும் நேராகக் கெட்டியான டப்பாவுக்குள் போக வேண்டும். போட்ட ஊசிகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, கழற்றும்போது மறுபடி எண்ணுகிறார்களா என்று கவனியுங்கள். தலைமுடிக்குள்ளும் துண்டின் மடிப்பிலும் ஒன்று மறந்துபோவது இந்தத் தொழிலில் புதிதல்ல.

மற்ற நோய்க்கு வருபவருக்கும் இருமல்காரருக்கும் உள்ள வேறுபாட்டை மையம் உணர்ந்திருக்கிறதா என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும். இவர் நடுவில் இருமுவார். முதுகில் ஊசியோடு குப்புறப் படுத்திருக்கும்போது இருமல் வெடித்தால் தசை சுருங்கி ஊசி வளையும், சிக்கிக்கொள்ளும், போட்ட ஆழத்தைவிட உள்ளே போகவும் கூடும். ஆகவே முதுகுப் புள்ளிகளை இருமல் கடுமையாக உள்ள நாளில் விட்டுவிட்டுக் கை, கால் புள்ளிகளோடு நிறுத்துவதே விவேகம். தேவையென்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்தோ, நாற்காலியில் முன்சாய்ந்து உட்காரவைத்தோ போட்டு, ஐந்து நிமிடத்துக்குள் எடுத்துவிடலாம். மல்லாந்து சமதளமாகப் படுப்பதும் இவர்களுக்கு ஆகாது. மூக்குச் சளி தொண்டைக்கு இறங்கும், அமிலம் ஏறும், இரண்டும் இருமலைக் கிளப்பும். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்தக்கூடிய கட்டில் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடலாம்.

கிளம்பும் இருமலை ஓரளவு அடக்கவும் முடியும். அரிப்பு வந்தவுடன் எச்சிலை அழுத்தி விழுங்குவது, மூக்கால் சின்னச் சின்னதாக இழுத்து உதட்டைக் குவித்து மெல்ல விடுவது, அதை நான்கைந்து முறை செய்வது. பேச்சுப் பயிற்சியாளர்கள் கற்றுத்தரும் முறை இது. ஊசியோடு இருக்கும்போது கைகொடுக்கும். அடக்க முடியாவிட்டால் மணி அடிக்கவோ கூப்பிடவோ வசதி கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். ஊசியைப் போட்டுவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போய்விடும் இடம் இருமலுக்கு ஏற்ற இடமல்ல.

ஏசி காற்று நேராகத் திறந்த முதுகில் படுவது, ஊதுவத்தி, வாசனை மெழுகுவத்தி, அரோமா புகை எல்லாமே இருமல் தூண்டிகள். அமைதியான சூழல் என்று மையங்கள் பெருமையாக வைப்பவை இவைதான். அணைக்கச் சொல்லத் தயங்க வேண்டாம்.

சாப்பாட்டு நேரமும் கொஞ்சம் சூட்சுமமானது. வெறும் வயிற்றில் போனால் ஊசியில் மயக்கம் வரும். நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் எதுக்களிக்கும். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு முன் இலேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போவது தோது.

உண்மையான ஆபத்து நுரையீரல் உறை துளைபடுவதுதான். மேல் முதுகு, தோள்பட்டை மேடு, காறை எலும்புக்குக் கீழே இருக்கும் நுரையீரல் 1 ஆகிய இடங்களில் ஒல்லியானவர்களுக்கு ஒன்று இரண்டு சென்டிமீட்டருக்குள்ளேயே நுரையீரல் இருக்கும். நாள்பட்ட புகைப் பழக்கத்தால் நுரையீரல் விரிந்துபோனவர்களுக்கு இடைவெளி இன்னும் குறைவு, சுவரும் மெலிவு. அதனால்தான் சிறுநீர்ப்பை 13-க்குச் செங்குத்தாகப் போடாமல் முதுகெலும்பை நோக்கிச் சாய்த்து மேலாகவே போட வேண்டும். மார்பெலும்புக்கு மேல் குழியில் இருக்கும் ரென் 22 இருமலுக்குப் பெயர்பெற்ற புள்ளி. முதலில் நேராகக் கொஞ்சம் குத்தி, பிறகு ஊசியை எலும்பின் பின்பக்கமாகக் கீழே திருப்ப வேண்டும். மூச்சுக்குழலும் பெரிய ரத்தக்குழாய்களும் அங்கேயே ஓடுகின்றன. இருமிக்கொண்டிருப்பவருக்கு இந்தப் புள்ளியில் ஊசி தேவையே இல்லை. விரலால் அழுத்தினாலே போதும் என்பது எங்கள் கருத்து.

துளைபட்டால் உடனே தெரியாமலும் போகலாம். சில மணி நேரம் கழித்து, மூச்சை இழுக்கும்போது ஒரு பக்க மார்பில் குத்தல், மூச்சு வாங்கல், கூடவே வறட்டு இருமல். கடைசியில் சொன்னதுதான் சிக்கல். ஏற்கெனவே இருமுகிறவர் "வழக்கமானதுதானே" என்று விட்டுவிடுவார். முதுகிலோ மார்பிலோ ஊசி போட்ட ஓரிரு நாளில் புதிதாக மார்புவலி வந்தால் மையத்துக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிராமல் அவசரச் சிகிச்சைக்குப் போய், ஊசி போட்டதைச் சொல்லி எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் ஊசியில் மின்சாரம் இணைக்கக் கூடாது.

மோக்ஸா, கப்பிங், பற்று

மோக்ஸா என்பது காய்ந்த மாசிப்பச்சை இனத்து இலைப் பஞ்சைக் கொளுத்தி, புள்ளிக்கு மேலே சூடு காட்டுவது. புகை கண்ணைக் கரிக்கும். மூச்சுக்குழாய் கூருணர்வு கொண்டுவிட்ட ஒருவரை, மூடிய அறையில் அந்தப் புகைக்குள் இருபது நிமிடம் படுக்கவைத்து இருமலுக்குச் சிகிச்சை என்று சொல்வதை என்னவென்று சொல்வது? பக்கத்துக் கட்டிலில் வேறொருவருக்குக் கொளுத்தினாலும் அதே கதைதான். புகையற்ற கரி மோக்ஸாவிலும் வாசனை வரத்தான் செய்யும். சூடுதான் வேண்டுமென்றால் விளக்குச் சூடோ, வெந்நீர்ப் பையோ போதும்.

கப்பிங் இருமி இருமி இறுகிப்போன முதுகுத் தசைக்கு இதமாக இருக்கும், இருமலைக் குறைக்கும் என்று சொல்ல ஆதாரம் போதாது. வட்டத் தழும்பு ஒன்றிரண்டு வாரம் நிற்கும். ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் சாப்பிட்டுத் தோல் மெலிந்தவர்களுக்கு வேண்டாம்.

கோடை உச்சத்தில் ஒட்டும் மூலிகைப் பற்று ஒன்று உண்டு. வெண்கடுகை மற்ற மூலிகைகளோடு இஞ்சிச் சாற்றில் குழைத்து முதுகுப் புள்ளிகளில் ஒட்டுவார்கள். வெண்கடுகு தோலைப் பொசுக்கும். எரிச்சல் தாங்கவில்லை என்றால் சொன்ன நேரம்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கத் தேவையில்லை. உடனே பிய்த்து எறிந்துவிட்டுக் கழுவ வேண்டும். கொப்புளம் வந்தால் மருந்து வேலை செய்கிறது என்பார்கள். அது தீக்காயம், அவ்வளவுதான்.

கஷாயம்: மையத்தின் உண்மை முகம் இங்கே

பெயர்பெற்ற கலவைகள் சில. சளி போன பிறகும் தொண்டை அரிப்போடு நிற்கும் இருமலுக்கு ஷி சௌ சான்: ஜியே கெங், ஜிங் ஜியே, ட்ஸி வான், பாய் பூ, பாய் ச்சியென், சென் பி என்னும் முதிர்ந்த ஆரஞ்சுத் தோல், அதிமதுரம் என்று ஏழு சரக்கு. வெள்ளைச் சளி நிறைய வந்தால் எர் சென் தாங். வறண்ட தொண்டை, வராத சளி, விட்டுவிட்டு அடுக்கடுக்காக வரும் இருமல் என்றால் மாய் மென் தோங் தாங். ஜப்பானில் இதையே பாகுமொன்தோதோ என்ற குறுணையாக மருத்துவர்களே எழுதுகிறார்கள், பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 9 கிராம் வழக்கம்.

கடைசியாகச் சொன்னதில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். அதன் உயிர் விகிதத்தில்தான் இருக்கிறது. ஈரம் தரும் மாய் மென் தோங் ஏழு பங்கு என்றால், உலர்த்தும் தன்மையுள்ள பான் சியா ஒரு பங்குதான். சளி இருக்கிறதே என்று பான் சியாவைக் கூட்டி, விலை அதிகமென்று மாய் மென் தோங்கைக் குறைத்துவிட்டால் வறட்டு இருமல் இன்னும் வறண்டுபோகும். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லப்படுவதில் இதுவும் உண்டு. பான் சியா பச்சையாக இருந்தால் நாக்கும் தொண்டையும் மரத்து வீங்கும். இஞ்சியும் படிகாரமும் சேர்த்துப் பக்குவப்படுத்தியதைத்தான் போட வேண்டும்.

பொட்டலமாக வாங்கினால் காய்ச்சும் முறை: மண்பானை, கண்ணாடி, எவர்சில்வர் எதுவும் சரி, இரும்பும் அலுமினியமும் வேண்டாம். சரக்குக்கு மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நிற்கும்படி தண்ணீர் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, கொதித்ததும் தணலைக் குறைத்து இருபது முதல் முப்பது நிமிடம். வடித்துவிட்டு மறுபடி தண்ணீர் விட்டு இருபது நிமிடம். இரண்டையும் கலந்து இரண்டு வேளைக்குப் பிரித்துக்கொள்ளலாம். ஜிங் ஜியே, புதினா போன்ற வாசனைச் சரக்குகளைத் தனிப் பொட்டலமாகக் கொடுத்துக் கடைசி ஐந்து நிமிடத்தில் போடச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து கொடுத்தால் எண்ணெய்ச் சத்து ஆவியாகப் போய்விடும்.

பி பா யே, அதாவது லொக்காட் இலை, இருமல் கஷாயங்களில் நிறையச் சேரும். இலையின் அடிப்புறத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: பழுப்பு நிறத்தில் கம்பளி மாதிரி நுண்மயிர் அப்பியிருக்கும். அதைத் தேய்த்து எடுக்காமல் காய்ச்சினால் மயிர் கஷாயத்தில் மிதந்து தொண்டையில் ஒட்டி, நிற்க இருந்த இருமலையும் கிளப்பும். மயிர் நீக்கிய இலை தர வேண்டும், அல்லது துணிப்பைக்குள் கட்டிப் போட்டுக் காய்ச்சச் சொல்ல வேண்டும். சுவான் ஃபு ஹுவா பூவுக்கும் இதே கதி. வடிகட்டியை நம்ப முடியாது; மெல்லிய பருத்தித் துணியை இரண்டு மடிப்பாகப் போட்டு வடிக்க வேண்டும். லொக்காட் இலையைத் துணிப்பை இல்லாமல் மற்றவற்றோடு அள்ளிப் போட்டுக் கட்டித் தரும் கடையில் வேறு எதையும் வாங்கத் தேவையில்லை.

அதிமதுரம் ஏறக்குறைய எல்லாக் கலவையிலும் உண்டு. அதிலுள்ள கிளிசிரைசின் உடலில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றும்; ரத்த அழுத்தம் கூடும், கால் வீங்கும், தசை சோர்ந்துபோகும். ஐரோப்பிய நிபுணர் குழு நாளொன்றுக்கு 100 மி.கி. கிளிசிரைசினுக்கு மேல் வேண்டாம் என்கிறது. தரமான வேரில் குறைந்தது 2% அது இருக்கும் என்பதால் 6 கிராம் வேரிலேயே 120 மி.கி. வந்துவிடுகிறது. சிறுநீர் பிரியும் மாத்திரை, இதய மருந்தான டிகாக்சின் சாப்பிடுபவர்களுக்கு இது விளையாட்டல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் குடிப்பதானால் ரத்த அழுத்தமும் பொட்டாசியமும் பார்த்துக்கொள்ள வேண்டும். கஷாயத்தோடு அதிமதுர மிட்டாயும் சேர்த்துச் சப்புபவர்கள் இரட்டிப்பு அளவு எடுக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மா ஹுவாங் என்ற மூலிகை சேர்ந்திருந்தால் அதில் இருப்பது எஃபெட்ரின் என்ற ஊக்கப்பொருள். படபடப்பு, தூக்கமின்மை, ரத்த அழுத்தம், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீர் அடைப்பு. அமெரிக்காவில் 2004-இல் உணவுத் துணைப்பொருள்களில் இதற்குத் தடை வந்தது. சிங் ரென் எனப்படும் கசப்பு ஆப்ரிகாட் பருப்பில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. காய்ச்சும் அளவு 5 முதல் 10 கிராம், பச்சையாக மெல்லவே கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. மா தோ லிங் பழைய நூல்களில் இருமலுக்கு எழுதியிருக்கும் காய். ஈஸ்வரமூலிக் கொடியின் இனம். அரிஸ்டோலோக்கிக் அமிலம் கொண்ட இந்த இனத்துச் செடிகள் சிறுநீரகத்தைச் செயலிழக்கவைக்கும், சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்பதில் சந்தேகமே இல்லை. சீட்டில் இந்தப் பெயர் இருந்தால் அளவு குறைவு என்ற சமாதானம் எடுபடாது. எழுந்து வந்துவிட வேண்டும்.

இன்னொன்று யிங் சு கே, கசகசாச் செடியின் காய்த்தோல். இருமலை நன்றாகவே அடக்கும். அடக்காமல் என்ன செய்யும்? அதில் இருப்பது அபின் சத்து. சீனாவில் விற்கும் ச்சியாங்லி பிபா லு என்ற சிரப்பில் இது சேர்க்கப்படுகிறது; அங்கே கிடைக்கும் கூட்டு அதிமதுர மாத்திரையிலும் அபின் தூள் உண்டு. மலச்சிக்கல், மயக்கம், பழக்கம் பிடித்தல் ஒருபுறம். மறுபுறம், பல நாடுகளில் அது போதைப்பொருள். பெட்டியில் வைத்துக்கொண்டு எல்லை கடந்தால் மாட்டிக்கொள்ள நேரும்.

சுவான் பெய் மு விலை உயர்ந்த கிழங்கு, அதனால் மலிவான வேறு பெய் முக்களை மாற்றிவைப்பது சகஜம். தூளாக அரைத்ததை வாங்க வேண்டாம், முழுக் கிழங்காக வாங்கி அரைத்துக்கொள்ளலாம். கபம் கலந்த சூட்டுக்குத் தரும் கலவைகளில் ஹுவாங் ச்சின் சேரும். அரிதாகக் கல்லீரல் வீக்கமும், நுரையீரல் திசு அழற்சியும் இதோடு தொடர்புபடுத்தப்பட்டிருக்கின்றன. மருந்து தொடங்கிய பின் காய்ச்சலோடு புது வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வந்தால் அளவைக் கூட்டாமல் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

பெயர் தெரியாத உருண்டை இரண்டே நாளில் மாயம் செய்தால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள். மூலிகை என்று விற்ற இருமல், ஆஸ்துமா மருந்துகளில் ஸ்டீராய்டும், மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலினும் கலந்திருந்ததை ஆய்வுக்கூடங்கள் பலமுறை கண்டுபிடித்திருக்கின்றன. ஒவ்வொரு சரக்கின் பெயரும், தாவரவியல் பெயரும், கிராம் அளவும் எழுதிய சீட்டைக் கேளுங்கள். "பரம்பரை ரகசியம்" என்றால் ஊசியோடு நிறுத்திக்கொண்டு கஷாயத்துக்கு நன்றி சொல்லிவிடலாம். சீட்டைக் குடும்ப மருத்துவரிடமும் காட்ட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் காட்டாமல் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது

நாள்பட்ட இருமலுக்கு அக்குபங்சர் பற்றி வந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. போலி ஊசியோடு ஒழுங்காக ஒப்பிட்டவை சொற்பம். அதோடு, இந்த நோயில் எதைக் கொடுத்தாலும் கொஞ்சம் குறையும். நாள்பட்ட இருமலுக்கான கெஃபாபிக்சன்ட் மாத்திரை பற்றி 2022-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே இருமல் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆகவே "கொஞ்சம் பரவாயில்லை" என்ற நினைப்பை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

லெஸ்டர் இருமல் வினாத்தாள் இதற்கு நல்ல அளவுகோல். 19 கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை. மொத்தம் 3 முதல் 21 மதிப்பெண், கூடினால் நல்லது. நாள்பட்ட இருமலில் 1.3 கூடினால்தான் நோயாளி உணரும் அளவு மாற்றம் என்று கொள்வார்கள். முதல் ஊசிக்கு முன்பே ஒருமுறை நிரப்பிவைக்க வேண்டும். இதை அறிந்த மையம் அபூர்வம், நீங்களே நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் மறுப்பவர்கள் குறைவு. சிகிச்சை நடக்கும்போது இன்ஹேலர், அமிலத்துக்கான மாத்திரை, மூக்கு ஸ்ப்ரே எதையும் நிறுத்தவோ புதிதாகத் தொடங்கவோ கூடாது. தொடங்கினால் எது பலித்தது என்று யாருக்கும் தெரியாது. ஊசியும் கஷாயமும் ஒரே நாளில் ஆரம்பிப்பதும் அதே குழப்பம்தான். ஊசி முதலில், கஷாயம் வேண்டுமானால் மூன்று வாரம் கழித்து.

மொத்தமாக இருபது சிட்டிங்குக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். ஆறுக்கு மேல் கட்ட வேண்டாம். ஆறாவது முடிந்து ஒரு வாரத்தில் வினாத்தாளை மறுபடி நிரப்பிப் பாருங்கள். 1.3 கூடியிருந்தால் இன்னும் நான்கு, வாரத்துக்கு ஒன்று என்று இடைவெளி விட்டு. கூடவில்லை என்றால் புள்ளியை மாற்றுகிறோம், மூலிகையை மாற்றுகிறோம் என்ற பேச்சுக்கு இடம் தராமல், மீதிப் பணத்தை இருமல் கட்டுப்பாட்டுப் பயிற்சி தரும் பேச்சுப் பயிற்சியாளரிடம் செலவழிக்கலாம். ஆதாரம் அங்கே இதைவிட வலுவாக இருக்கிறது.